தரங்கம்பாடிக்குப் புதுசா குடிவந்த ரெண்டு பேர்

தரங்கம்பாடி போனவர்கள் ராஜா வீதியில் தங்க நிறம் பூசிய சீகன்பால்க் சிலையோடு செல்ஃபி எடுத்திருப்பார்கள். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்தவர், அகராதி தொகுத்தவர், பள்ளிக்கூடம் நடத்தியவர் என்று சாதனைப் பட்டியலை ஒப்பிக்கவும் ஆள் இருக்கிறது. எனக்கு அதிலெல்லாம் அவ்வளவு ருசி இல்லை. என் ஆசையே வேறு. இந்த மனுஷன் வந்து இறங்கிய முதல் நாள் ராத்திரி எங்கே படுத்தார்? வீடு யார் பார்த்துக் கொடுத்தது? ஒரு வார்த்தை தமிழ் தெரியாதவருக்கு யார் முதலில் 'அ' சொல்லிக் கொடுத்தது? சிலையாவதற்கு முந்தைய அந்த அசட்டுத்தனமான, வேர்த்து விறுவிறுத்த முதல் நாட்களை ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்க வேண்டும்! அதிர்ஷ்டம், ஆள் கடிதம் எழுதுவதில் சளைக்காதவர். எல்லாவற்றையும் ஊருக்கு எழுதித் தள்ளியிருக்கிறார்.

முன்கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக்குக் கடல் கடந்த குடியேற்றங்களுக்கு அனுப்ப மிஷனரிகள் தேவை. சொந்த நாட்டில் ஆள் தேறவில்லை. ஜெர்மனியிலிருந்து ரெண்டு பேரைப் பிடித்தார்கள். ஒருவர் பார்த்தலோமேயு சீகன்பால்க், சாக்சனியில் புல்ஸ்னிட்ஸ் என்ற சின்ன ஊர்க்காரர். தாயும் தகப்பனும் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். உடம்பு அடிக்கடி படுத்தியதால் படிப்பும் விட்டு விட்டுத்தான் நடந்தது. இன்னொருவர் ஹென்ரிக் புளூட்சோ, அவரைவிடச் சில வயது மூத்தவர். போஸ்டிங்கைக் கேளுங்கள்: முதலில் மேற்கிந்தியத் தீவுகள் என்றார்கள், பிறகு ஆப்பிரிக்காவில் கினி என்றார்கள், கடைசியில் தரங்கம்பாடி. கோபன்ஹேகனில் பிஷப் வைத்த தேர்வில் முதல் தடவை ரெண்டு பேருமே ஃபெயில்! அரசர் தலையிட்டு மறுதேர்வு வைத்து, ஒருவழியாகப் பாஸாகி, 1705 நவம்பரில் குருப்பட்டம் வாங்கினார்கள். அதே மாதம் 29-ஆம் தேதி 'சோபியா ஹெட்விக்' கப்பலில் ஏற்றிவிட்டார்கள். தென்னாப்பிரிக்க முனையைச் சுற்றிக்கொண்டு ஏழு மாதத்துக்கு மேல் கடல்.

1706 ஜூலை 9. இறங்கியாயிற்று.

இங்கே ஒரு மாலை மரியாதை, ஒரு பேண்டு வாத்தியம் எதிர்பார்ப்பீர்கள். அரசரின் கையெழுத்தோடு வந்த ஆட்கள் அல்லவா? நடந்தது இதுதான். தரங்கம்பாடியில் கப்பல் கரையை ஒட்டி வராது. தள்ளி நங்கூரம் போட்டு, அலை தாண்டிப் படகில்தான் வர வேண்டும். கப்பல் தலைவருக்கும் இவர்களுக்கும் வழியெல்லாம் ஆகவில்லை. அதனால் இறங்குவதே தகராறாகிவிட்டது. எப்படியோ கரை ஏறினால், காத்திருங்கள் என்றார்கள். காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் நாலு மணி வரை வாசலிலேயே காத்திருப்பு. ஜூலை மாதத் தரங்கம்பாடி வெயிலில், ஐரோப்பியக் கறுப்பு உடுப்பில்! நமக்குக் கல்யாண மண்டபத்தில் கோட் போட்டுக்கொண்டு பத்து நிமிஷம் நின்றாலே நாக்குத் தள்ளுகிறது.

நாலு மணிக்கு கவர்னர் ஹாசியஸ் பரிவாரத்தோடு வந்தார். யார் நீங்கள், என்ன வேலையாக வந்தீர்கள் என்று விசாரணை. அரசர் கடிதத்தைக் காட்டினார்கள். அதைப் பார்த்த பிறகும் மனுஷர் முகம் மலரவில்லை. தன்னால் செய்யக்கூடியது எதுவும் இல்லை என்கிற தோரணையில் நடையைக் கட்டினார். இவர்களும் பின்னாலேயே போனார்கள். கடைத்தெரு வரை போனதும் கவர்னர் ஒரு பக்கம், பரிவாரம் ஒரு பக்கம் என்று கலைந்துவிட்டது. நடுத்தெருவில் ரெண்டு பேரும் மூட்டையும் முழியுமாக நிற்கிறார்கள்.

ஹாசியஸை வில்லனாக்கிவிட வேண்டாம். கொஞ்சம் அவர் பக்கமும் நின்று பாருங்கள். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு தங்கத் தகட்டில் ஒப்பந்தம் எழுதி டென்மார்க்காரர்கள் வாங்கிய ஊர் அது. மிளகும் துணியும் வாங்கி அனுப்பி லாபம் காட்டுவதுதான் கவர்னர் வேலை. டேனிஷ்காரர்களுக்கென்று 1701-லேயே சீயோன் ஆலயம் கட்டி, பாதிரியார்களும் இருக்கிறார்கள். உள்ளூர்க்காரர்களின் மத விவகாரத்தில் கை வைத்தால் வியாபாரம் கெடும் என்று டேனிஷ் வியாபாரக் கம்பெனிக்குப் பயம். தலைமையகத்திலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் ரெண்டு இளவட்டங்கள் வந்து "மதம் பரப்ப வந்திருக்கிறோம்" என்றால் எந்த மேனேஜர் சிரிப்பார்?

அன்று ராத்திரி? கோட்டையைச் சேர்ந்த ஒருவர் மனம் இரங்கி, தனக்கு வேண்டப்பட்டவர்கள் வீட்டில் இடம் பிடித்துக் கொடுத்தார். அப்பாடா! கூரை கிடைத்தது. கொஞ்ச நாளில் தனியாக வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டார்கள்.

இந்த வீடு பார்க்கும் கட்டம் வந்தாலே எனக்கு எங்கள் மண்ணூர்பேட்டைதான் கண்ணில் நிற்கிறது. அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டிய ஊர், பாதிப்பேர் எங்கிருந்தோ வந்தவர்கள். புதிதாக யார் வந்தாலும் வீட்டுக்காரம்மா கேட்கிற கேள்விகள் மாறவே மாறாது: எந்த ஊரு, எந்த கம்பெனி, பேமிலியா பேச்சலரா, யார் சொல்லி வந்தீங்க. மாடியில் ஒரு ஹாலைப் பிடித்து ஜெபக்கூட்டம் ஆரம்பிக்க வரும் இளம் பாஸ்டர்களுக்கும் இதே கேள்விதான், கூடவே "ஸ்பீக்கர் வைப்பீங்களா?" என்று ஒன்று உபரி. அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கீபோர்டு, ஒரு பாய், இண்டக்ஷன் அடுப்பு, அவ்வளவுதான் சொத்து. முதல் ஞாயிறு எத்தனை பேர் வருவார்களோ என்று அவர் கவலைப்படுவதற்குள், எதிர்வீட்டு அக்கா தண்ணி லாரி எத்தனை மணிக்கு வரும் என்பதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார். ஊர் முதலில் சொல்லிக் கொடுப்பது அதைத்தான். "யார் சொல்லி வந்தீங்க?" என்ற கேள்விக்கு "டென்மார்க் ராஜா" என்று பதில் சொல்லியும் வீடு கிடைக்காமல் நின்ற ஒரே ஆட்கள் நம்ம தரங்கம்பாடி ஜோடியாகத்தான் இருக்கும்.

சரி, வீடு கிடைத்தது. பேச்சு?

அப்போதைய தரங்கம்பாடியில் ஐரோப்பியர்களும் உள்ளூர்க்காரர்களும் பேரம் பேசியது அரைகுறைப் போர்த்துக்கீசியத்தில். டேனிஷ் ஊராக இருந்தும் கடற்கரையெங்கும் அதுதான் செல்லுபடி. எனவே முதலில் அதைப் படிக்க உட்கார்ந்தார்கள். ஜெர்மன்காரர்கள், டேனிஷ் ஊழியத்தில், தமிழ்நாட்டில் உட்கார்ந்து போர்த்துக்கீசியம் படிக்கிறார்கள்! பிறகு பாகம் பிரித்துக்கொண்டார்கள்: போர்த்துக்கீசியம் புளூட்சோவுக்கு, தமிழ் சீகன்பால்குக்கு.

இப்போதுதான் எனக்குப் பிடித்த காட்சி. தமிழ் படிக்க இலக்கணப் புத்தகம் இல்லை, அகராதி இல்லை. என்ன செய்தார் தெரியுமா? ஒரு திண்ணைப் பள்ளி உபாத்தியாயரைப் பார்த்துப் பேசி, அவருடைய பள்ளிக்கூடத்தையே தங்கள் வீட்டுக்கு மாற்றிக்கொண்டு வரச் செய்தார். வாத்தியார், பிள்ளைகள், கூச்சல், எல்லாம் சேர்த்து! பிள்ளைகளோடு பிள்ளைகளாகத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மணலைப் பரப்பி, விரலால் எழுத்தைப் போட்டார். பக்கத்தில் இருந்த பொடியன் எப்படி வளைக்கிறான் என்று பார்த்து, அதே மாதிரி வளைத்தார். இறையியல் படித்து, குருப்பட்டம் வாங்கி, அரசர் சம்பளத்தில் வந்த பாதிரியார், அரைஞாண் கயிறு கட்டிய வாண்டுகளுக்கு நடுவில் 'அ'வுக்குச் சுழி சுழிக்கிறார்.

அந்தக் காலத் திண்ணைப் பள்ளி எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். ஒருவன் சொல்ல எல்லோரும் உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். வாத்தியார் கண்ணயர்ந்தால் சட்டாம்பிள்ளை ஆட்சி. மணலில் விரல் பழகிய பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். பல பள்ளிகளில் பாடமே "அரி நமோத்து சிந்தம்" என்று கடவுள் வணக்கத்தோடுதான் தொடங்கும். நம்ம ஆள் காதிலும் அது விழுந்திருக்குமோ, விழுந்தபோது முகம் எப்படி இருந்திருக்குமோ என்று யோசித்தால் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சட்டாம்பிள்ளை இவரையும் அதட்டியிருப்பானா? கடிதத்தில் இல்லை. இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

இந்த மணல் விஷயத்துக்கு ஒரு வெளிநாட்டுக் கிளைக்கதை உண்டு. எண்பத்தைந்து வருஷம் போல் கழித்து, சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், ஒரு தெருப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதையும் பெரியவன் சின்னவனுக்குச் சொல்லிக் கொடுப்பதையும் பார்த்து அசந்துபோனார். அதை 1797-இல் லண்டனில் புத்தகமாகப் போட, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளெல்லாம் மணல் தட்டைத் தூக்கிக்கொண்டன. பெல் நின்றுகொண்டு பார்த்தார். சீகன்பால்க் உட்கார்ந்து எழுதினார். என் ஓட்டு உட்கார்ந்தவருக்கு.

ஆனால் ஒரு சிக்கல் முளைத்தது. எழுத்து வந்துவிட்டது, அர்த்தம் வரவில்லை! வாத்தியாருக்குத் தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது. இவருக்குத் தமிழைத் தவிர மற்றதெல்லாம் தெரியும். வாய் நிறைய வாசிக்கிறார், என்ன வாசிக்கிறோம் என்பது மட்டும் தெரியாது. அப்போதுதான் கதைக்குள் நுழைகிறார் அழகப்பன். கம்பெனியில் தலைமைத் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர். போர்த்துக்கீசியம், டேனிஷ், டச்சு, ஜெர்மன் எல்லாம் பேசுவார். ஒரு கடற்கரை ஊரில் மூட்டை எடை போடும் இடத்திலும் பேரம் முடிக்கும் இடத்திலும் நின்றே ஐரோப்பாவின் பாதியைக் காதில் வாங்கிக்கொண்ட மனுஷர்! அவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டதும் பூட்டுக்குச் சாவி கிடைத்துவிட்டது. எட்டு மாதத்தில் சீகன்பால்க் தமிழ் படிக்கவும் எழுதவும் பேசவும் ஆரம்பித்துவிட்டார். சிலை வைப்பவர்கள் அழகப்பனுக்கும் ஒன்று வைத்திருக்கலாம். மிஷனரிகளோடு ஒட்டிக்கொண்டதற்காக அவர் பட்ட பாடு பெரிது. பின்னால் ஊரை விட்டே போக நேர்ந்தது.

சீகன்பால்கின் தினசரி அட்டவணை கடிதத்தில் அப்படியே கிடைக்கிறது. இதைப் படிக்கும்போது எனக்கு ஒருவரின் டைரியைத் திருட்டுத்தனமாகப் புரட்டுகிற குதூகலம். காலையில் ஜெபம் முடிந்ததும் ஏழிலிருந்து எட்டு வரை முன்பு படித்த சொற்களையும் தொடர்களையும் திருப்பிப் பார்ப்பது. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை புதுத் தமிழ் நூல்கள் மட்டும்: பக்கத்தில் ஒரு வயதான புலவர் விளக்கம் சொல்ல, ஓர் எழுத்தர் புதுச் சொற்களைக் குறித்துக்கொள்வார். சாப்பிடும்போதும் சும்மா இல்லை, யாராவது வாசித்துக்கொண்டிருக்க வேண்டும். மத்தியானம் வெயிலுக்குப் பயந்து கொஞ்சம் ஓய்வு (தமிழ்நாட்டை ஒழுங்காகக் கற்றுக்கொண்டார் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி!). மூன்றிலிருந்து மறுபடியும் தமிழ். இருட்டிய பிறகு விளக்கு வெளிச்சத்தில் கண் கெடும் என்று, ஒருவரை வாசிக்கச் சொல்லிக் காதால் கேட்பது. சில நூல்களை, ஒரு சொல் கூடப் பிடிபடாமல் போகக்கூடாதென்று, நூறு தடவை வரை வாசிக்கக் கேட்டிருக்கிறார். அந்த வாசிப்பாளரின் தொண்டையை நினைத்துத்தான் எனக்குக் கவலை. ரெண்டே வருஷத்தில் சொல்தொகுப்பில் 20,000 சொற்கள் சேர்ந்திருந்தன.

இதற்கிடையே வந்த வேலை? அது ரொம்பச் சின்னதாகத்தான் ஆரம்பித்தது. ஐரோப்பியர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்களுக்குத் தினமும் கொஞ்ச நேரம், போர்த்துக்கீசியத்தில், தங்கள் வீட்டிலேயே வகுப்பு. 1707 மே 12-இல் அவர்களில் ஐந்து பேருக்கு ஞானஸ்நானம். பத்து மாதத்தில் ஐந்து பேர். செப்டம்பரில் தமிழர்கள் ஒன்பது பேர். ஊருக்குள் இவர்களைப் பற்றி என்ன பேச்சு ஓடியிருக்கும் என்பதை, பிற்பாடு தமிழர்களிடம் கேள்வி அனுப்பி அவர் வாங்கிய பதில் கடிதங்களிலிருந்து ஊகிக்கலாம். அதில் தமிழர்கள் தயவு தாட்சண்யமே பார்க்கவில்லை: கிறிஸ்தவர்கள் மாட்டை அடித்துத் தின்கிறார்கள், குடித்துவிட்டு ஆடுகிறார்கள், வெளிக்குப் போய்விட்டுத் தண்ணீரால் கழுவுவதில்லை! இந்த மூன்றாவது குற்றச்சாட்டுக்கு இறையியலில் பதில் கிடையாது. கப்பல் கப்பலாக வந்து இறங்கிய சிப்பாய்களும் மாலுமிகளும் சம்பாதித்து வைத்த பெயருக்கு இந்த இளைஞர் ஜவாப் சொல்ல வேண்டியிருந்தது. விசேஷம் என்னவென்றால், அந்தக் கடிதங்களை அவர் ஒளித்து வைக்கவில்லை. ஜெர்மனில் மொழிபெயர்த்து ஊருக்கே அனுப்பினார். அவை அங்கே அச்சாகிவிட்டன.

வந்து ஒரு வருஷம் ஆவதற்குள் கோயில் கட்டும் ஆசை வேறு. கையில் காசு சொற்பம், கவர்னரிடமிருந்து உதவி பூஜ்யம், டேனிஷ் பாதிரியார்களிடமும் முறைப்பு. சொந்தச் சம்பளத்தைப் போட்டு 1707 ஜூன் 14-இல் அடிக்கல் நாட்டினார்கள்; ஆகஸ்ட் 14-இல் பிரதிஷ்டை. ரெண்டே மாதம்! இன்றைக்குச் சென்னைப் புறநகரில் ஒரு மாடி எடுக்கவே பிளான் அப்ரூவலுக்கு எத்தனை நடை நடக்க வேண்டும் என்று தெரிந்தவர்களுக்கு இந்த வேகம் புரியும். தமிழிலும் போர்த்துக்கீசியத்திலும் பிரசங்கம். இந்துக்கள், முஸ்லிம்கள் என்று ஊரே வேடிக்கை பார்க்கத் திரண்டது. வெள்ளைக்காரன் தமிழில் பேசுகிறானாமே, போய்க் கேட்போம் என்றுதான் முக்கால்வாசிப் பேர் வந்திருப்பார்கள். நானாக இருந்தாலும் போயிருப்பேன். அந்தக் கட்டடம் இப்போது இல்லை. ராஜா வீதியில் நாம் பார்க்கிற புதிய எருசலேம் ஆலயம் 1718-இல் பிரதிஷ்டையானது. 1719 பிப்ரவரியில், 36 வயதில் இறந்த சீகன்பால்க் அதற்குள்தான் அடங்கியிருக்கிறார்.

கவர்னரோடு உரசல் தீரவே இல்லை. 1708 நவம்பரில் ஆளைப் பிடித்துக் கோட்டைக்குள் நாலு மாதம் அடைத்துவிட்டார். பிற்கால விவகாரங்களுக்குள் நான் போகப் போவதில்லை, ஒன்றைத் தவிர. பைபிள் அச்சடிக்க ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் ரொம்பப் பெரிசாக இருந்தன; காகிதம் கட்டுப்படியாகவில்லை. சின்ன எழுத்து வார்க்க ஈயம் வேண்டும். பாலாடைக்கட்டி அடைத்து வந்த டப்பாக்களின் ஈயத்தை உருக்கி வார்த்தார்கள்! 1714-15-இல் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாட்டில் சீஸ் டப்பாவுக்கும் பங்கு உண்டு என்பதை யாராவது கல்வெட்டில் பொறித்தால் தேவலை.

முதல் நாட்களிலேயே தொற்றிக்கொண்ட ஒரு பைத்தியம் பற்றிச் சொல்லாமல் முடியாது: சுவடி. திண்ணைப் பள்ளியில் மணலைத் தாண்டி ஓலைக்கு வந்ததுமே ஆளுக்கு வெறி பிடித்துவிட்டது. எழுத்தர்களைச் சம்பளம் கொடுத்து உள்நாட்டு ஊர்களுக்கு அனுப்பினார். பிராமண விதவைகள் வீட்டுப் பரணில் கிடந்த ஏடுகளைச் சொற்ப விலைக்கு வாங்கி வந்தார்கள். 1708-இல் அவர் போட்ட பட்டியலில் தமிழர்களுடைய நூல்கள் மட்டும் 119. தொல்காப்பியம், திருக்குறள், சிவவாக்கியம் எல்லாம் உண்டு. அதே வருஷம் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்துவிட்டார். ஊருக்குப் பாடம் சொல்ல வந்தவர் ஐரோப்பாவுக்கு ஔவையாரை அனுப்பிக்கொண்டிருக்கிறார்!

1713-இல் இன்னும் ஒரு படி மேலே போனார். தமிழர்கள் கும்பிடும் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகம். சிவன், விஷ்ணு மட்டும் அல்ல. அய்யனார், எல்லம்மன், மாரியம்மன், அங்காளம்மன், பிடாரி என்று ஊர் எல்லைச் சாமிகள் ஒன்றையும் விடவில்லை. யார் யாருக்கு என்ன உருவம், என்ன படையல், என்ன திருவிழா, எல்லாம் விசாரித்து எழுதி, ஜெர்மனியில் ஹாலே நகரில் இருந்த தன் குரு பிராங்கேவுக்கு ஆசையாக அனுப்பி வைத்தார்.

பிராங்கே தலையில் கை வைத்துக்கொண்டார். உங்களை அங்கே அனுப்பியது அந்த மதத்தை வேரோடு பிடுங்க, அதை இங்கே கொண்டுவந்து பரப்ப அல்ல என்ற ரீதியில் பதில் வந்தது. புத்தகம் அலமாரிக்குள் போனது. நூற்றைம்பது வருஷம் தூசி தின்றுவிட்டு, 1867-இல் அது அச்சேறியது ஹாலேயிலும் அல்ல, கோபன்ஹேகனிலும் அல்ல, நம்ம சென்னையில்.